இரும்புப் பெட்டகத்தை லாரியில் அனுப்புவது எப்படி: முதல்முறை அனுப்புபவர்களுக்கு

பெட்டகம் வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது லாரி வாடகையை. உண்மையில் நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் ஓடுவதால் ஒழுங்காகக் கட்டிய பெட்டகத்துக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. லாரித் தளத்திலிருந்து தரைக்கு இறங்கும் அந்த ஒரு மீட்டரிலும், வாசலிலிருந்து அறைக்குப் போகும் பத்து மீட்டரிலும்தான் பெட்டகங்கள் விழுகின்றன, தரை உடைகிறது, விரல்கள் நசுங்குகின்றன. ஆகவே வாடகையைக் கேட்கும்போதே கூடவே கேட்க வேண்டிய கேள்வி: லாரி வந்து நின்ற பிறகு இதை இறக்கப்போவது யார், எதைக் கொண்டு?

எடை எங்கிருந்து வருகிறது

வெளியே பார்த்தால் சின்னப் பெட்டி, தூக்கப் போனால் அசையாது. காரணம் சுவருக்குள் இருக்கிறது. கொள்ளைக்கு எதிராகச் செய்யப்படும் பெட்டகங்களில் இரண்டு உருக்குத் தகடுகளுக்கு நடுவே கடினமான கான்கிரீட் கலவை நிரப்பப்பட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளி அளவு 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 90 உயரம். சுவர் 7 செ.மீ. கனம். வெளிக் கன அளவு 0.324 கன மீட்டர். உள்ளே 46 × 46 × 76, அதாவது 0.161 கன மீட்டர். மிச்சம் 0.163 கன மீட்டர் முழுக்கச் சுவர். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ என்று வைத்தால் அதுவே 390 கிலோ. உருக்கு கன மீட்டருக்கு 7,850 கிலோ. ஆகவே தகடுகள், பூட்டு, தாழ்க்கம்பிகள் எல்லாம் சேர்ந்தால் இடுப்பு உயரமே உள்ள இந்தப் பெட்டி 450 கிலோவைத் தொட்டுவிடும். இந்த 450 கிலோப் பெட்டகத்தையே கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

தீயிலிருந்து மட்டும் காக்கும் பெட்டகங்கள் இதைவிட இலேசானவை. அவற்றின் சுவரில் பெரும்பாலும் ஜிப்சம் போன்ற, தன்னுள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் இருக்கும். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வகையில் ஒரு சங்கடம் உண்டு. கீழே விழுந்தால் வெளித்தகடு கொஞ்சம் நெளிந்திருக்கும், அவ்வளவுதான் தெரியும். உள்ளே நிரப்பு விரிசல் விட்டிருக்கலாம். அது தீ வரும் அன்றைக்குத்தான் தெரியும்.

எடையை ஊகிக்காதீர்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளிலிருந்து எடுத்து, பேலட்டுக்கு, அதாவது பெட்டகத்தை ஏற்றி நிறுத்தும் மரத்தட்டுக்கு, 20 முதல் 30 கிலோ வரை சேர்த்துச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் லாரி நிறுவனம் தன் கிடங்கில் மறுபடி எடை போட்டு வித்தியாசத்தை வசூலித்துவிடும். அது பரவாயில்லை. நீங்கள் சொன்ன பொய் எடையை நம்பி, உண்மை எடையைத் தாங்காத இறக்கும் லிஃப்ட் பொருத்திய வண்டியை அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து.

கதவு ஏன் தொல்லை

பெட்டகத்தில் மிகக் கனமான பக்கம் கதவு. பூட்டும் தாழ்க்கம்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் எடையின் மையம் நட்டநடுவில் இராமல் கதவுப்பக்கம் தள்ளியிருக்கும். பேலட்டில் திருகாமல் நிற்கும் பெட்டகத்தின் கதவை முழுக்கத் திறந்தால் அது முன்னால் கவிழலாம். போல்ட் அடித்து நிறுத்தாத எந்தப் பெட்டகத்துக்கும் இது பொருந்தும்.

லாரி பிரேக் போடும்போது என்ன ஆகும் என்பதையும் இதைக் கொண்டே சொல்லிவிடலாம். சாலை வாகனங்களில் சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 12195-1, முன்பக்கமாக சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. நம் 450 கிலோப் பெட்டகம் சடன் பிரேக்கில் 360 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாயப் பார்க்கும்.

கவிழுமா? எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்திலும், கதவு விளிம்பிலிருந்து 24 செ.மீ. தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கவிழும் பக்க விளிம்புக்குள்ள தூரத்தை உயரத்தால் வகுத்தால் வருவது, கவிழாமல் தாங்கும் விசைப் பங்கு. கதவு ஓட்டுநர் கேபினைப் பார்த்து நின்றால் 24-ஐ 45-ஆல் வகுக்க 0.53. வரும் விசையோ 0.8. கவிழும். அதே பெட்டகத்தைத் திருப்பி, முதுகு கேபின் பக்கம் வரும்படி வைத்தால் 60 செ.மீ. ஆழத்தில் மிச்சமுள்ள 36-ஐ 45-ஆல் வகுக்க 0.8. மயிரிழையில் நிற்கும். பின்பக்கத்துக்குத் தேவை 0.5 மட்டுமே என்பதால் கதவு பின்னால் பார்ப்பதில் தொல்லையில்லை. திருப்பி வைக்க ஆகும் செலவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஏற்றுபவர்கள் கதவு எந்தப் பக்கம் என்று கவனிப்பதில்லை. பொதியின் மேல் பெரிய எழுத்தில் ‘கதவு இப்பக்கம்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

இப்படி வைத்தும் வெறும் நிற்பை நம்பக் கூடாது. முதுகு லாரியின் முன்சுவரை ஒட்டியிருக்க வேண்டும். அடியில் ரப்பர் உராய்வு விரிப்பு, மேலே குறைந்தது இரண்டு ராட்செட் பெல்ட் (நெம்புகோலால் இறுக்கும் பட்டை), விளிம்புகளில் மூலைக்காப்பு. பெல்ட் கைப்பிடி மீதோ எண்வட்டு மீதோ போகக் கூடாது. இறுக்கும்போது அவை வளைந்துவிடும்.

படுக்க வைத்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். தயாரிப்பாளர் அனுமதித்தால் முதுகில் படுக்க வைக்கலாம், கதவின் மேல் கூடவே கூடாது. ஆனால் படுத்ததை இறங்குமிடத்தில் நிமிர்த்துவதே தனி வேலை, அதற்கும் ஆளும் கருவியும் வேண்டும். நிற்க வைத்து அனுப்புவதே பெரும்பாலும் மேல்.

பேலட்டும் போல்ட்டும்

ஐரோப்பியத் தரம் ஈ.என். 1143-1, 1,000 கிலோவுக்குக் குறைந்த தனித்து நிற்கும் பெட்டகங்களில் தரையில் பிணைக்கத் துளை இருக்க வேண்டும் என்கிறது. மற்ற பல பெட்டகங்களிலும் அடிப்பாகத்தில் துளைகள் உண்டு. பேலட்டில் பிணைக்கவும் அதே துளைகள்தான். மரத்தில் ஏறும் திருகாணி வேண்டாம், அதிர்வில் மரம் கிழிந்து பிடி தளரும். பேலட்டின் அடிக்கட்டை வரை ஊடுருவிப் போகும் போல்ட், அடியில் அகலமான வாஷர், அதன்மேல் நட்டு. துளை இடம் கொடுத்தால் 12 மி.மீ. போல்ட் போடலாம்.

முதல்முறை பெட்டகம் பெறுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போல்ட்டின் தலை பெட்டகத்துக்கு உள்ளே இருக்கிறது. பேலட்டிலிருந்து கழற்றக் கதவைத் திறந்தாக வேண்டும், திறக்கச் சாவியோ எண்ணோ வேண்டும். சாவி தனித் தபாலில் இரண்டு நாள் கழித்து வருகிறதென்றால் அதுவரை பெட்டகம் பேலட்டோடு வாசலில் நிற்கும். சாவியும் எண்ணும் பெட்டகத்தோடு ஒரே வண்டியில் வரக் கூடாது, பெட்டகத்துக்கு முன்பே வந்துசேர வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், அவசரத்தில் யாருக்கும் நடக்கும்.

மின்னணுப் பூட்டில் பேட்டரி கதவின் வெளிப்பக்க விசைப்பலகையில் இருந்தால் கழற்றி அனுப்புங்கள். உள்பக்கத்தில் இருந்தால் புதிது போடுங்கள். கழற்ற முடிகிற கைப்பிடியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பேலட்டில் கட்டிவிடுங்கள். உள்தட்டுகளை வெளியே எடுத்துத் தனியாகக் கட்டவும். பெட்டகத்துக்குள் பணமோ பத்திரமோ வைத்து அனுப்பாதீர்கள். அதற்குச் சரக்குக் காப்பீடு கிடைப்பது அரிது. பெட்டகத்தை இறக்குபவர்களுக்கு முகவரியும் தெரியும்.

பேலட் என்ன அளவு? இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. அகலமான பேலட் கவிழாது. ஆனால் அதிக இடம் பிடிக்கும். 80 × 80 செ.மீ. பேலட்டில் 15 செ.மீ. உயரம் சேர்ந்து எடை மையம் 60 செ.மீ.க்குப் போய்விடுகிறது. பாதி அகலம் 40, வகுத்தால் 0.67. நீளப்போக்கில் 120 செ.மீ. உள்ள பேலட் என்றால் 60-ஐ 60-ஆல் வகுக்க 1. பல கிடங்குகளில் ஏறி இறங்கப்போகும் பெட்டகத்துக்கு நீளமான பேலட்டே நல்லது. சாதாரணப் பழம் பேலட்டும் ஆகாது. 1200 × 800 மி.மீ. யூரோ பேலட் 1,500 கிலோ வரை தாங்கும், ஆனால் அது சீராகப் பரவிய எடைக்கு. நடுப்பலகைகள் மேல் மட்டும் பெட்டகம் நின்றால் பலகை தொய்யும். 18 மி.மீ. பிளைவுட்டை மேலே விரித்து அதன்மேல் வையுங்கள்.

கடல் கடந்தோ எல்லை தாண்டியோ போனால் மரத்துக்கும் விதி உண்டு. ஐ.எஸ்.பி.எம். 15 எனும் பன்னாட்டு விதிப்படி மரம் நடுவரை 56 டிகிரி செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டு அல்லது விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரையில்லாத பேலட்டால் முழுச் சரக்கும் துறைமுகத்தில் நின்றுவிடும். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. சுங்கத் தாளில் பெட்டகங்களுக்கான தலைப்பு எண் 8303. கப்பலில் போவதென்றால் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட மறக்க வேண்டாம். கொள்கலனுக்குள் இரவில் நீர் துளிர்க்கும்.

பெட்டகம் அதிர்ச்சியைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ளும்

நல்ல பெட்டகங்களில் ரீலாக்கர் என்றொரு அமைப்பு உண்டு. பூட்டைச் சுத்தியலால் அடித்தோ துளைத்தோ உடைக்கப் பார்த்தால், வில்விசையோடு காத்திருக்கும் ஒரு கூடுதல் தாழ் படக்கென்று விழுந்து கதவை நிரந்தரமாக அடைத்துவிடும். சில உயர்தரப் பெட்டகங்களில் இதற்காகக் கதவுக்குள் ஒரு கண்ணாடித் தகடே இருக்கும். துளைக்கும்போது கண்ணாடி உடையும், அதில் கட்டிய கம்பி தளரும், தாழ்கள் பாயும்.

இந்த அமைப்புக்குத் திருடனையும், அரை மீட்டர் உயரத்திலிருந்து பேலட்டைத் தவறவிட்ட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரையும் பிரித்தறியத் தெரியாது. பலமாக விழுந்த பெட்டகம் சரியான எண்ணைக் கொடுத்தாலும் திறக்காமல் போகலாம். பிறகு பெட்டகத் தொழில்நுட்பர் வந்து துளைபோட்டுத்தான் திறக்க வேண்டும். அதனால் கண்ணாடி ரீலாக்கர் உள்ள பெட்டகமா என்று அனுப்பும் முன்பே விற்பவரிடம் கேட்டு, பொதியின் மேல் ‘கண்ணாடி உள்ளது’ என்று எழுதுங்கள். அரை டன் இரும்பின் மேல் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து ஏற்றுபவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டாவது மெதுவாக வைப்பார்கள்.

பொதி சாய்ந்தாலோ பலமாக அதிர்ந்தாலோ சிவக்கும் சாய்வு காட்டி, அதிர்வு காட்டி ஸ்டிக்கர்கள் பெட்டகத்தைக் காப்பாற்றாது. நடந்ததற்குச் சாட்சி சொல்லும். ஒவ்வொன்று ஒட்டி, ஒட்டியதைப் படம் எடுத்துவையுங்கள்.

எந்த வழியில் அனுப்புவது, எதைக் கொண்டு கட்டணம்

சாதாரண பார்சல் சேவைகள் ஒரு பொதிக்கு ஏறத்தாழ 70 கிலோ வரைதான் எடுக்கும். அதற்கு மேல் சரக்கு லாரிதான். அதில் இரண்டு வகை. பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் பகிர்வு லாரி மலிவு. ஆனால் பெட்டகம் கிடங்குக்குக் கிடங்கு இறங்கி ஏறும், ஒவ்வொரு முறையும் வேறொருவர் கையில். தனி லாரியில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஒரு பெட்டகத்துக்குத் தனி லாரி வீண்செலவு. கண்ணாடி ரீலாக்கர் உள்ள பெரிய பெட்டகத்துக்கோ, மூன்று நான்கு பெட்டகம் சேர்ந்து போகும்போதோ அது வீண் இல்லை.

கட்டணம் எடையைப் பொறுத்தா, இடத்தைப் பொறுத்தா? வான்வழியில் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, பெரியதற்குப் பணம் வாங்குவார்கள். நம் பெட்டகம் 80 × 80 × 105 பொதியாக 112 வரும், எடையோ 475. ஆகவே எடைக்குத்தான் பணம். கப்பலில் பகிர்வுக் கொள்கலன் என்றால் ஒரு டன்னும் ஒரு கன மீட்டரும் சமம். அங்கே 0.475 டன்னை 0.672 கன மீட்டர் முந்துகிறது, கொடுப்பது இடத்துக்கு. பெட்டகம் போன்ற கனத்த பொருளுக்கே இப்படி ஆவது பலருக்கு வியப்பாக இருக்கும். பேலட்டை 120 செ.மீ. நீளமாக்கினால் அது 1 கன மீட்டரைத் தாண்டும். முன்னே சொன்ன இழுபறி இதுதான்.

‘டெலிவரி’ என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். தனியே எழுதி வாங்காவிட்டால் பல லாரி நிறுவனங்களுக்கு டெலிவரி என்பது வண்டியை உங்கள் வாசல் ஓரத்தில் நிறுத்துவதோடு முடிந்தது. இறக்கும் லிஃப்ட், உள்ளே கொண்டுவைத்தல், நேரம் குறித்து வருதல், மறுநாள் திரும்ப வருதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். முன்பதிவின்போதே கேட்டுச் சேர்த்துவிட்டால் மலிவு. வாசலில் நின்றுகொண்டு கேட்டால் வண்டி திரும்பிப் போய்விடும்.

லாரியிலிருந்து தரைக்கு

வண்டியின் பின்னால் பொருத்திய தூக்குத்தளத்தை டெயில் லிஃப்ட் என்பார்கள். அதன் தாங்குதிறனைப் பெட்டக எடையோடு மட்டும் ஒப்பிடுவது வழக்கமான தவறு. 900 கிலோப் பெட்டகம், 30 கிலோ பேலட், பேலட்டைத் தூக்கி உருட்டும் 80 கிலோ கை பேலட் டிரக், அதைப் பிடித்து நிற்பவர் 75 கிலோ. ஆக மொத்தம் 1,085. லிஃப்ட்டோ 1,000 கிலோ. அதோடு அந்த 1,000 என்பது எடை மையம் வண்டியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும்போதுதான். தளத்தின் நுனியில் கொண்டுபோய் நிறுத்தினால் தாங்குதிறன் பாதியாகவும் குறையலாம். ஃபோர்க்லிஃப்ட்டிலும் இதே நியாயம். கதவுப்பக்கம், அதாவது கனமான பக்கம், ஃபோர்க்லிஃப்ட்டின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் தூணை ஒட்டி வர வேண்டும்.

தளம் இறங்கும்போது பெட்டகத்தின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சாயத் தொடங்கிய 450 கிலோவைக் கையால் பிடிக்க முடியாது. விழட்டும் என்று விலகுவதே சரி.

வாசலிலிருந்து அறைக்கு

கை பேலட் டிரக்கின் முன்சக்கரங்கள் மிகச் சிறியவை. சரளைக் கல்லிலும் புல்லிலும் அவை உருளாது, இரண்டு செ.மீ. வாசற்படி விளிம்பே தடுத்துவிடும். பலவற்றில் பிரேக்கும் கிடையாது. சரிவான பாதையில் அது ஓட ஆரம்பித்தால் நிறுத்த வழியில்லை. ஆகவே லாரி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை முன்கூட்டியே நடந்து பாருங்கள். கதவுகளின் அகலம், திரும்பும் மூலைகள், படிகள், சரிவு எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். 80 செ.மீ. பேலட் 75 செ.மீ. கதவில் நுழையாது. அப்படியென்றால் பேலட்டை வெளியிலேயே கழற்ற வேண்டும்.

டைல்ஸ் தரையில் 18 மி.மீ. பிளைவுட் பலகைகள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். அடியில் சாந்து சரியாக நிரம்பாத டைல்தான் முதலில் விரியும். மின்தூக்கியில் ஏற்றுவதென்றால் அதன் பலகையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 630 கிலோ, 8 பேர் என்பது ஒரு பொது அளவு. அது தளம் முழுக்கப் பரவி நிற்கும் எட்டுப் பேருக்கு. முழு எடையும் இரண்டு சக்கரத்தின் வழியே வாசல் விளிம்பில் இறங்கும் அந்த நொடிதான் மின்தூக்கிக்குச் சோதனை. கட்டடப் பராமரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் ஏற்றாதீர்கள். படிக்கட்டு என்றால் மின்விசையில் படியேறும் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஆட்களை அழைத்துவிடுங்கள்.

தரை தாங்குமா? வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை எனக் கணக்கிட்டுக் கட்டப்படுகின்றன. நம் பெட்டகம் தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 1,250 கிலோ. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், கான்கிரீட் தளம் ஓரிடத்து எடையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். அறை நடுவில் வைப்பதைவிட உத்திரத்தின் மேலோ, சுமை தாங்கும் சுவரோரமோ வைப்பது நல்லது. மரத்தளம் அல்லது மேல்மாடி என்றால் கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

பேலட்டிலிருந்து இறக்க அவசரம் ஆகாது. கடப்பாரையால் ஒரு பக்கத்தைச் சில மில்லிமீட்டர் நெம்புங்கள், அந்த அளவுக்குக் கட்டை செருகுங்கள், மறுபக்கம் போங்கள். தூக்கிய அளவுக்குக் கட்டை எப்போதும் அடியில் இருக்க வேண்டும். கட்டையைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ளுங்கள். பெட்டகம் கட்டைகள் மேல் நின்றதும் பேலட்டை உருவி, வந்த வழியே படிப்படியாகக் கட்டைகளைக் குறைத்து இறக்கலாம். சமதரையில் நகர்த்த 25 மி.மீ. கெட்டி இரும்புத் தண்டுகள் மூன்று நான்கு போதும். பின்னால் வெளியேறும் தண்டை எடுத்து முன்னால் போட்டபடி உருட்டலாம்.

கையெழுத்தும் அதன் பிறகும்

டெலிவரி ரசீதில் கையெழுத்திடும் முன் பொதியைச் சுற்றி வந்து பாருங்கள். பேலட் உடைந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஸ்டிக்கர் சிவந்திருக்கிறதா? கண்டதை அப்படியே ரசீதில் எழுதுங்கள்: ‘பேலட்டின் இடப்பக்கக் கட்டை முறிந்துள்ளது, சாய்வு காட்டி சிவப்பு.’ ‘சோதனைக்கு உட்பட்டு’ என்று பொதுவாக எழுதுவதால் பயன் அதிகமில்லை. ஓட்டுநர் அவசரப்படுத்துவார், அவருக்கு அடுத்த இடம் இருக்கிறது. ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாரி நிறுவனத்தின் பொறுப்புக்கு எல்லை உண்டு. பன்னாட்டுச் சாலைச் சரக்குக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கைப்படி கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இலேசான, விலையுயர்ந்த சரக்கு அனுப்புவோர் இந்த எல்லையைத் திட்டுவார்கள். பெட்டகம் கனமானது என்பதால் 450 கிலோவுக்கு ஏறத்தாழ 3,750 எஸ்.டி.ஆர். வரை போகும். கப்பலில் ஹேக்-விஸ்பி விதிகளின்கீழ் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். அல்லது பொதிக்கு 666.67, எது அதிகமோ அது. நம் பெட்டகத்துக்கு 900 எஸ்.டி.ஆர். மட்டுமே. அதனால் கடல்வழிக்குத் தனிக் காப்பீடு தேவை.

பெட்டகத்தை இடத்தில் வைத்ததும் கதவு உரசினாலோ பிடித்தாலோ உடனே தொழில்நுட்பரை அழைக்காதீர்கள். தரை சமமில்லாததால் கதவைச் சுற்றியுள்ள சட்டம் இம்மி முறுகியிருக்கலாம். மட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலையில் மெல்லிய இரும்புத் தகடு செருகினாலே பல கதவுகள் சரியாகிவிடும். பிறகு தரையோடு போல்ட் அடித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே தாழ்க்கம்பிகளை வெளியே தள்ளிப் பூட்டுங்கள். எண் போட்டுத் திறங்கள். நான்கைந்து முறை செய்து ஒவ்வொரு தடவையும் தடையில்லாமல் திறந்த பிறகே கதவைச் சாத்திப் பூட்ட வேண்டும். பயணத்தில் பூட்டு ஆட்டம் கண்டிருந்தால் திறந்த கதவில் அதைச் சரிசெய்வது எளிது, மூடிய கதவில் துளைதான்.

வெளியே தெரியாத சேதத்தைத் தெரிவிக்க சி.எம்.ஆர். தரும் கெடு ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாள்; ஹேக்-விஸ்பி விதிகளில் 3 நாள். எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நாட்கள் கழியும்வரை பேலட்டையும் ஸ்டிக்கர் ஒட்டிய உறையையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.